பஸ்கலினா அப்பா

"மறுபடியுமா? அந்தக் காண்டாமிருகம் உங்க சொந்தக்காரனா, பஸ்கலினா அப்பா?"

ரிசப்ஷனிலிருந்து ஃபவுஸ்டா சிரித்தாள்.

"சம்பந்தி வீட்டு ஆளு. உனக்கென்ன?" என்று அவனும் விடாமல் சொன்னான். "அந்தம்மா பார்த்தே ஆகணுங்கிறாங்க. நான் என்ன பண்றது?"

பொய். அந்த வெள்ளைக்காரப் பெரியம்மா கேட்கவே இல்லை. காலையிலிருந்து அவன்தான் வலியப் போய் அழைக்கிறான். இது மூன்றாவது தடவை.

எரிமலை அவிந்து உண்டான பெரும்பள்ளம். அதன் விளிம்பில், மேகம் தட்டும் உயரத்தில் அந்த ஹோட்டல். விருந்தினர் அறைகளில் இன்டர்நெட் உண்டு. வேலை செய்கிறவர்களுக்கு அதன் பாஸ்வேர்டு தர மாட்டார்கள். போனில் சிக்னல் வருவது ஒரே ஓர் இடத்தில்தான். பள்ளத்தைப் பார்க்கப் போட்ட மரத்தளத்தின் இடது மூலையில், பித்தளை டெலஸ்கோப் நிற்கிற இடத்தில்.

விருந்தினர் யாராவது கூட வந்தால் தவிர வேலை செய்கிறவர்கள் அங்கே போய் நிற்கக் கூடாது.

அதனால்தான் காண்டாமிருகம்.

"வாங்கம்மா. இப்போ வெளிச்சம் நல்லாயிருக்கு. கண்டிப்பா தெரியும்."

பெரியம்மா கட்டம் போட்ட சிவப்புப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வலிக்கிற முழங்காலோடு மெதுவாக வந்தார். நாளைக் காலையில் ஊருக்குக் கிளம்புகிறார். சிங்கம் பார்த்தாயிற்று, யானை பார்த்தாயிற்று. அது ஒன்றுதான் பாக்கி.

அவன் பேன்ட் பையில் போன் இருந்தது. சத்தத்தை அடைத்து, அதிர மட்டும் வைத்திருந்தான்.

நேற்று மதியம் பஸ்கலினாவுக்குக் குடல் முறுக்கிக்கொண்டது. ராத்திரியோடு அருஷா டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். டெலஸ்கோப்பைத் துடைக்கிற சாக்கில் விடியற்காலையில் இங்கே வந்தபோதுதான் மனைவி போனில் அழுதுகொண்டே சொன்னாள். பத்து மணிக்கு ஆபரேஷன். நல்லபடியாக முடிந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு, போதும் என்று இவன் சொல்லியிருந்தான்.

மேனேஜரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி லீவு கேட்டான்.

"சனிக்கிழமை நம்ம வண்டி கீழே போகுதுல்ல, அதுல போயிடு" என்றார் அவர்.

இன்று புதன்.

வேறு யாரிடமும் அவன் மூச்சு விடவில்லை. சொல்லி, அவர்கள் முகம் மாறி, அதைப் பார்க்கிற தெம்பு அவனுக்கு இல்லை. ஃபவுஸ்டா பாட்டுக்குக் கேலி பேசிக்கொண்டிருக்கட்டும்.

மணி நாலாகிவிட்டது.

"எங்கே பார்க்கணும், மிஸ்டர் மார்க்வே?"

யாரையோ கூப்பிடுகிறார் என்று ஒரு நொடி நினைத்துவிட்டான். சட்டையில் குத்திய பெயர்ப் பட்டையைப் படித்து விருந்தினர்கள் கூப்பிட்டால்தான் உண்டு. மற்றபடி, மகள் பிறந்த இந்த ஆறு வருஷத்தில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அம்மாகூட. ஊருக்கே அவன் பஸ்கலினா அப்பா.

"உப்பு ஏரிக்கு இடது பக்கம். மஞ்சள் பட்டை மரமெல்லாம் நிக்குதே, அதுக்கு முன்னாடி. கறுப்பா ஒரு புள்ளி."

அங்கே எதுவும் இல்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒன்றைப் பார்த்திருந்தான். அவ்வளவுதான்.

"எனக்குப் புல்லுதான் தெரியுது."

"அவசரப்படாதீங்கம்மா. மேயும்போது குனிஞ்சிருக்கும்."

எதிர் விளிம்பிலிருந்து மூடுபனி கீழே இறங்கத் தொடங்கியது. கால் மணி நேரத்தில் பள்ளத்தை மூடிவிடும். அதற்குப் பிறகு எந்தச் சாக்கும் கிடைக்காது.

தொடையில் ஏதோ அதிர்ந்தது. சட்டென்று பைக்குள் கையை விட்டான். போன் சும்மாதான் கிடந்தது.

பெரியம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இருக்கு!"

மனசு நோகக் கூடாதென்று சொல்கிறார் என்றுதான் நினைத்தான்.

"நிஜமாத்தான். நீயே பாரு."

குனிந்து பார்த்தான்.

ஏரிக்கு இடது பக்கம். மஞ்சள் மரங்களுக்கு முன்னால். அவன் சொன்ன அதே இடத்தில் ஒரு காண்டாமிருகம் நின்றிருந்தது. மெதுவாகத் தலையைத் தூக்கியது. கொம்புகூடத் தெரிந்தது.

காலையிலிருந்து சொன்ன பொய் உண்மையாகிவிட்டது.

அவனுக்கு நெஞ்சு லேசானது. இதுவே நடந்துவிட்டதென்றால் அதுவும் நடந்திருக்கும். ஆஸ்பத்திரிக்குள் மனைவிக்கு சிக்னல் கிடைத்திருக்காது. வெளியே வந்ததும் கூப்பிடுவாள்.

நேற்றிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தான். பெரியம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

இதை ஃபவுஸ்டாவுக்குக் காட்ட வேண்டும். பெரிய கேலி பேசினாளே.

திரும்பினான். அவளே வந்துகொண்டிருந்தாள், கல் பாவிய பாதையில், ஓட்டமும் நடையுமாக. ரிசப்ஷனில் போன் எடுக்க ஆள் வைக்காமல் அவள் அந்த இடத்தை விட்டு நகர்ந்து அவன் பார்த்ததே இல்லை.

"ஏய், சீக்கிரம் வா! உண்மையாவே நிக்குது!" என்று கையை ஆட்டினான்.

அவள் பள்ளத்தின் பக்கம் பார்க்கவில்லை. பத்தடி தள்ளி நின்றுவிட்டாள்.

கூப்பிட வாயைத் திறந்தாள். வழக்கமாகக் கூப்பிடுகிற மாதிரி, "பஸ்..." என்று உதடு கூடியது. சத்தம் வரவில்லை.

மறுபடி வாயைத் திறந்தாள்.

"மார்க்வே" என்றாள்.