சாம்பார் வாளிக்குள் ஒரு குரல்

அம்பத்தூர் எஸ்டேட் தொழிற்சாலைக் கேன்டீனில் சாப்பாடு முடிகிறது. நேற்று வெளியான மெட்டல் ராக் பாட்டு ஆல்பம் கணீரென்று கேட்கட்டும் என்று காலிச் சாம்பார் வாளிக்குள் போனை இறக்கியிருக்கிறான் பரத். வயலின் கூட்டம் அலையாக எழுகிறது, அதைக் கிழித்துக்கொண்டு ஒரு குரல் உறுமுகிறது, வாளியின் கைப்பிடி கிடுகிடுக்கிறது. "வயலினு சோக்கா கீது மாமே. நடுவுல இவன் இன்னாத்துக்குக் கத்துறான்?" என்கிறார் கன்னியப்பன். "அந்தக் கத்தல்தாண்ணாத்தே கெத்தே!" என்கிறான் பரத். "ஆரு பெத்த புள்ளையோ, தொண்டை கீஞ்சிடப் போவுது," என்கிறாள் சொர்ணம். எதிரே பானுப்பிரியா வெந்நீரை ஊதி ஊதிக் குடிக்கிறாள். அது தன் குரல் என்று அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வரி வருவதற்குள் டம்ளரை வைக்கிறாள், வாளியின்மேல் குனிகிறாள், வாய் திறக்கிறாள். திட்டப்போகிறாள் என்று பதறிப்போன பரத் போனை அணைக்கிறான். உறுமல் நிற்கவில்லை.