காளிங்கர் ருசித்த துளி

குடும்ப அட்டையில் ‘காவலர், வயது 312’ என்று பதிவாகியுள்ள இரத்தக்காட்டேரி காளிங்கருக்கு, காலைதோறும் வீட்டினர் ஆளுக்கொரு துளி இரத்தம் அளிப்பர். அவரும் சுவைத்து, உடல்நிலையைப் பணிவுடன் அறிவிப்பார். இப்போதெல்லாம் ஆய்வகத்துக்கு யாரும் செல்வதில்லை.

சிறுமி பூவிழிக்கு இரத்தப் புற்றுநோய் கண்டதிலிருந்து, இரண்டாண்டுகளாக அவர் சொன்னது ஒன்றுதான்: “கசக்குது, குட்டி.”

சிகிச்சை முடிந்து, இன்று அவள் விரலை நீட்டினாள். தாய் சுகந்தி மூச்சடக்கி நின்றாள். சுவைத்த காளிங்கரின் கோரைப்பற்கள் மெல்லத் தெரிந்தன, அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“அடி கள்ளி! நேத்து அம்மாவுக்குத் தெரியாம ஐஸ்கிரீம் தின்னியா?”

“போங்க மாமா, போட்டுக் குடுத்துட்டீங்களே!”

“வேற எதுவும் தெரியலையா மாமா?” என்றாள் சுகந்தி.

“ஐஸ்கிரீம் மட்டுந்தாம்மா.”

சுகந்தி கண்களைத் துடைத்தபடி, இன்னொரு கிண்ணம் ஐஸ்கிரீம் எடுத்துவந்தாள்.