டாங்கிக்குப் புதுப் பட்டை

மருந்துக்கடை ஜெபதாஸின் டாங்கிகள் மணல்மேட்டில் ஏறுவதைப் பார்த்த ஜவுளிக்கடை சுந்தரராஜுக்கு வயிறு எரிந்தது.

நாகர்கோவில் கிளப்பில் சனிக்கிழமைதோறும் இருவரும் மேசைமேல் மணல் பரப்பி, ஜெர்மன் யுத்தத்து டாங்கிகளைப் பொம்மையாக நிறுத்திச் சண்டை போடுவார்கள். சுந்தரராஜின் டாங்கிச் சக்கரங்களைச் சுற்றி இருந்தது தேக்கில் செதுக்கிய பட்டை. ஜெபதாஸின் பட்டையோ இரும்புச் சங்கிலி. நிஜம்போலவே உருண்டது.

மறுநாளே சுந்தரராஜ், இருவருக்கும் டாங்கி செய்து தரும் நீலகண்ட ஆசாரியின் பட்டறைக்குப் போனார்.

“ஆசாரியே, இந்த மரப்பட்டையக் கழத்தித் தூரப் போடும். எனக்கும் சங்கிலி வேணும். அந்த மருந்துக்கடைக்காரன்கிட்ட மூச்சு விடப்பிடாது, கேட்டீரா?”

“நான் எதுக்குச் சொல்லப்போறேன் அண்ணாச்சி? வெள்ளிக்கிழமை வாரும்.”

சனிக்கிழமை சுந்தரராஜ் புதுமாப்பிள்ளைபோலக் கிளப்புக்குள் நுழைந்தார். ஜெபதாஸின் டாங்கிகளில் சங்கிலியே இல்லை! பச்சை வண்ணத்தில், பல் பல்லாகச் செதுக்கிய மரப்பட்டைகள். என்ன கம்பீரம்! கிளப்பே அதைத்தான் சுற்றி நின்றது.

மறுநாள் காலையில் சுந்தரராஜ் நேரே பட்டறைக்கு நடந்தார்.

“ஓய், அந்தப் பச்சைப் பட்டை எனக்கு வேணும். எனக்குச் செய்யாத வேலைய அவனுக்குச் செஞ்சீரே!”

ஆசாரி சிரித்தார். “அது நீரு தூரப் போடச் சொன்ன பட்டைதான் அண்ணாச்சி. பச்சை பூசினது மட்டும்தான் நான்.”

“அப்போ என் சங்கிலி?”

“அது அவரு வேண்டாம்னு கழத்தினது. எண்ணெய் போட்டு மினுக்கினேன். இப்பந்தான் வந்து, ஒம்ம சங்கிலி மாதிரியே வேணும்னு சொல்லிட்டுப் போறாரு.”