இரண்டாம் மைக்

ஆம்ப்ளிஃபயரைக் கவுண்டர் மேல் வைத்த கையோடு யூஜின் சண்டையைத் தொடங்கிவிட்டார். மெக்கானிக் பூபாலன் செய்திருப்பது ரிப்பேர் இல்லை, கொலை என்றார்.

இரைச்சல் வருகிறது என்று கொடுத்த பெட்டி. போன மாதம் சரிசெய்து கொடுத்தான். அன்று யூஜினுக்கு ஷிஃப்ட், மனைவி ஹெலினாதான் வந்து வாங்கிப்போனாள். இரைச்சல் போய்விட்டது, அதை அவர் மறுக்கவில்லை. ஆனால் முதல் மைக்கில் உச்சத்துக்குப் போனால் குரல் பிளக்கிறது. இரண்டாம் மைக் மட்டும் வெண்கல மணி மாதிரி கணீரென்கிறது.

முதல் மைக் அவருடையது. ஆவடி குவார்ட்டர்ஸை ஒட்டிய மாதா கோயிலில் ஆண்டாண்டு காலமாகப் பாடற்குழுத் தலைவர் அவர்தான்.

இரண்டாம் மைக் ஹெலினாவுடையது. அவள் குழுவில் சேர்ந்தது இந்தத் தவக்காலத்தில்தான். அதுவும் ஆள் குறைகிறதே என்று அவரே கூப்பிட்டுச் சேர்த்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

இப்போது பூசை முடிந்ததும் எல்லாரும் அவளிடம்தான் போகிறார்கள். போன ஞாயிறு முன்பெஞ்சில் உட்காரும் சகாயம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டாள். பக்கத்தில் பாட்டுப் புத்தகத்தோடு நின்ற யூஜினைக் கொஞ்சம் நகர்ந்துகொள்ளச் சொன்னாள்.

திருவிழா வருகிறது. நன்றிப் பாட்டு தனிக்குரல். அதை யார் பாடுவது என்று ஃபாதர் இன்னும் வாய் திறக்கவில்லை. இத்தனை வருடமும் அப்படி ஒரு கேள்வியே எழுந்ததில்லை.

யூஜினுக்கு வயிறு எரிந்தது. கட்டினவள் மேலேயே பொறாமை. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி இறக்கிவைக்கலாம் என்றால், கேட்கப்போவதும் அதே ஃபாதர்தான்.

நேற்று இரவும் அவள் அவர் தொண்டைக்காக மிளகும் பனங்கற்கண்டும் போட்டுப் பால் காய்ச்சிக் கொடுத்தாள். குடித்தபோதும் எரிந்தது. மிளகினால் மட்டும் இல்லை.

பூபாலன் பெட்டியின் முதல் துளையில் மைக்கைச் செருகி நீட்டினான்.

"பாடு அண்ணாத்தே."

யூஜின் பாடினார். உச்சத்தில் பிளந்தது.

பூபாலன் வயரை உருவி இரண்டாம் துளையில் செருகினான். யூஜின் மறுபடியும் பாடினார். கொஞ்சம் சன்னமாகக் கேட்டது. ஆனால் அதே இடத்தில், அதே மாதிரி பிளந்தது.



ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பூபாலன் அதைச் சொல்லவில்லை, வாடிக்கையாளர் ஆயிற்றே. துடைக்கத் தேவையில்லாத மைக்கைத் துடைத்தான்.

அப்போதுதான் யூஜின் வந்த வேலையைச் சொன்னார், குரலைத் தாழ்த்திக்கொண்டு. இரண்டாம் மைக்கைக் கொஞ்சம் அடக்கிவைக்க வேண்டும். வெளியே குமிழைத் திருகிக் குறைத்தால் கீபோர்டு வாசிக்கிற ரோஹித் கண்டுபிடித்துவிடுகிறான். இரண்டு குமிழையும் ஒரே எண்ணில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிறான். அதனால் பெட்டிக்கு உள்ளேயே ஏதாவது செய்துவிட்டால் யாருக்கும் தெரியாது.

பூபாலன் அவரை ஒரு பார்வை பார்த்தான். பிறகு நான்கு திருகாணிகளையும் கழற்றி மூடியைத் தூக்கினான்.

உள்ளே எல்லாம் பழசு, தூசி படிந்தது. இரண்டாம் மைக்கின் வயரில் மட்டும் கோதுமை மணி அளவில் ஒரு சாமான் புதுசாகப் பளபளத்தது.

"இதுக்கு மேல கொறைச்சா ஒண்ணியும் கேக்காது அண்ணாத்தே. போன வாட்டி பொட்டிய வாங்க வந்துச்சே அக்கா, அப்பவே பாதியா அடக்கச் சொல்லி நின்னு பாத்துகினு போச்சி. உன் கொரலுதான் மேல நிக்கணுமாம். உன்னாண்ட சொல்ல வாணாம்னுச்சி."

யூஜின் அந்தச் சின்னச் சாமானையே பார்த்தபடி நின்றார்.

அப்படியென்றால் சகாயம்மாளை அழவைத்தது ஹெலினாவின் பாதிக் குரல்.

மனம் இளக வேண்டிய இடம்தான். அவருக்கு முன்னைவிட அதிகமாக எரிந்தது.

"வாணாம்னா சொல்லு, அத்த எடுத்துடறேன்" என்று பூபாலன் ஈயம் பற்றுவைக்கும் கோலைக் கையில் எடுத்தான்.

யூஜின் மூடியைத் தானே எடுத்துப் பெட்டி மேல் வைத்து அழுத்தினார். திருகாணிகளுக்காகக் கையை நீட்டினார்.