பழுப்புப் பூ

“சனியன்! எத்தனை தடவை துரத்தினாலும் இதே இடத்துல வந்து நிக்குது. வெட்கம் கெட்டது!”

ஜீப்பிலிருந்து இறங்கிய தாவரவியலாளருக்குச் சுருக்கென்றது. ஆறு நாள் வெயிலில் அலைந்து வெறுங்கையோடு திரும்புகிற மனிதனை வாசலிலேயே இப்படியா வரவேற்பது?

“யாரை, என்னையாம்மா சொல்றீங்க?”

அலுவலக முற்றத்தில் குத்துக்காலிட்டிருந்த தோட்டக்காரம்மா, களைக்கொத்தியும் கையுமாக எழுந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். “ஐயையோ, உங்களைப் போய்ச் சொல்வேனா சார்? இது வேற.”

ஜீப்பின் நிழலுக்காகவே காத்திருந்ததுபோல் ஒரு செவலை நாய் வந்து சக்கரத்தடியில் சுருண்டது. அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்கத் தெம்பும் இல்லை.

படியேறினார். ஒவ்வொரு படிக்கும் முழங்கால் முனகியது. மாடி அறிவிப்புப் பலகையில் அவர் கையெழுத்திட்ட பழைய சுற்றறிக்கைகள் சுருண்டு தொங்கின. எதில் என்ன எழுதினோம் என்று அவருக்கே ஞாபகமில்லை. அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்?

மேஜையில் இரண்டு தாள்கள் கிடந்தன. ஒன்றில், நாற்பது வருஷத்துக்கு முன் யாரோ பறித்து உலர்த்தி ஒட்டிய செடி. இலை, பூ, விரல் தடிமனில் முடிச்சு முடிச்சாக வேர். எங்கே பறித்தது என்ற வரியைப் பூச்சி தின்றிருந்தது.

இந்த மண்ணுக்கே சொந்தமான செடி. மழை பொய்த்தால் வேர் மட்டும் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். மழை கண்டதும் திறந்த வறண்ட வெளியில் மறுபடி தலைகாட்டும். இலையை வைத்து அடையாளம் சொல்ல முடியாது, அதே சாயலில் நூறு செடி உண்டு. பூவைப் பார்த்தால்தான் நிச்சயம். அந்தப் பூவோ தாளில் பழுப்பேறிக் கிடந்தது. அதன் நிஜ நிறம் என்ன என்று சொல்ல ஒருவரும் இல்லை.

மற்றது, ‘அழிந்துவிட்டது’ என்று உறுதி செய்யும் படிவம். பதினோரு வருஷமாக ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டு வந்தார். இந்தப் பருவத்திலும் கிடைக்காவிட்டால் கையெழுத்துப் போட்டுவிடுவதாக மேலிடத்துக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. இன்றுதான் கடைசி நாள்.

போன் அடித்தது. மனைவி.

“என்ன, உங்க சின்ன வீடு கிடைச்சாளா?” அந்தச் செடிக்கு அவள் வைத்திருந்த பெயர் அது.

“இல்ல.”

அவள் கேலி அதோடு நின்றது. “போதுங்க. கையெழுத்தப் போட்டுட்டு வீட்டுக்கு வாங்க. வெந்நீர் போட்டு வைக்கிறேன்.”

பேனாவைத் திறந்தார். ஐம்பத்தேழு வயதில் ஒரு செடிக்காக அழுவதா என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டார். ஆனாலும் துக்கம் துக்கம்தானே.

தண்ணீர் ஜாடியோடு தோட்டக்காரம்மா உள்ளே வந்தாள். வைக்க இடம் தேடியவளின் கண் தாளில் விழுந்தது.

“அட, இதைப் போய் ஒட்டி வச்சிருக்கீங்களா?”

“தொட்டுடாதீங்கம்மா. அந்தப் பூ இப்ப உலகத்துலயே கிடையாது.”

“பூவை யாரு கண்டா? எனக்கு இந்த வேரைத்தான் தெரியும். என் இடுப்பை ஒடிக்கிறதே இதுதானே சார்! எவ்வளவு தோண்டினாலும் பாதியில முறிஞ்சு, மிச்சம் உள்ளேயே தங்கிடும். அடுத்த மழைக்கு மறுபடியும் வந்து நிக்கும். இப்பக்கூடத் திட்டிக்கிட்டே பிடுங்கினேனே, நீங்க வரும்போது.”

பேனா உருண்டு கீழே விழுந்தது. “எங்கே?”

அவள் ஜன்னலுக்கு வெளியே கை காட்டினாள். கீழே சரளைக்கல் பரப்பிய முற்றம், அவருடைய ஜீப், அதே நாய். மதிலோரம் பிடுங்கிப் போட்ட பச்சைக் குவியல் ஒன்று வெயிலில் வாடிக்கொண்டிருந்தது.

முழங்காலை மறந்து படிகளில் இறங்கி ஓடினார். குவியலில் கைவிட்டு ஒன்றை எடுத்தார். விரல் தடிமனில், முடிச்சு முடிச்சாக, அதே வேர். நுனியில் கடுகளவு மொட்டு இறுக மூடியிருந்தது. பதினோரு வருஷமாக எங்கெங்கோ தேடிய செடியின் மேல்தான் தினமும் ஜீப்பை நிறுத்தியிருக்கிறார். அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

“ஏம்மா, ஒரே ஒரு தடவை இதைப் பூக்க விட்டிருக்கக் கூடாதா?” குரல் உடைந்தது. “ஒரு பூ! ஒரே ஒரு பூவைப் பார்த்திருந்தா போதுமே!”

மூச்சு வாங்கப் பின்னால் வந்து நின்ற தோட்டக்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“முற்றத்துக் களையெல்லாம் பூக்கறதுக்கு முன்னாடியே பிடுங்கிடணும்னு கையெழுத்துப் போட்டுப் பலகையில ஒட்டினது நீங்கதானே சார்!”