பீரோவுக்கு அடியில்

பிரஸ் மிஷினில் சிக்கிய தகட்டை எடுக்க மாரப்பன் கையை உள்ளே விட்டபோது, மேல் அச்சு தானாக இறங்கியது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டான், கையுறையின் நுனி மட்டும் நசுங்கிக் கிடந்தது. தோட்டத்தில் வளர்ந்தவன். கன்று திரும்பிக் கிடந்தால் மாட்டின் வயிற்றுக்குள் முழங்கைவரை விட்டு இழுத்துப்போட்ட கை அது. அப்போதெல்லாம் தயங்கியதில்லை.

நடந்ததை வீட்டில் சொல்லவில்லை. சாயங்காலம் மகளின் பந்து பீரோவுக்கு அடியில் உருண்டுபோனது. குப்புறப் படுத்தான். பந்து தெரிந்தது. கைதான் உள்ளே போக மறுத்தது.

“எட்டலீங்களாப்பா?”

“எட்டுது சாமி, எட்டுது” என்றான். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது.

“தள்ளுங்க, நான் எடுக்கறேன்” என்று அவள் பக்கத்தில் படுத்து, வளையல் போட்ட கையை அந்த இருட்டுக்குள் நீட்டினாள்.

அவன் போட்ட கூச்சலில் மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். குழந்தை அழுதும், வெளியே இழுத்துப் பிடித்த அதன் மணிக்கட்டை அவன் விடவில்லை.