விழுந்த முழங்கால்

“குடிச்சுப்போட்டு விழுந்த முழங்காலுக்கு மலை என்ன செய்யும்?” என்று சிவமலர் திரும்பிப் பாராமலே சொன்னாள். பின்னால் அவள் புருஷன் தியாகலிங்கம் காலை அகட்டி அகட்டி வைத்து, மரம் மரமாகப் பிடித்துக்கொண்டு வந்தான்.

“ஆரப்பா குடிச்சது?”

“நான்தான். போதுமோ?”

அவள் கையில் ஒரு வரைபடம், அவன் கழுத்தில் ஒரு காம்பஸ். மொன்றியல் நகரின் நடுவிலுள்ள மலைக்காட்டுக்குள் அங்கங்கே செம்மஞ்சளும் வெள்ளையுமாகத் துணி தொங்கவிட்டிருக்கிறார்களாம். படத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து, கடைசியில் குளக்கரைக்கு வந்து சேரவேண்டுமாம். காட்டுக்குள் வேண்டுமென்றே வழிதவறுவதற்கு லீவு எடுக்கிற சனத்தை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

எல்லாம் பாவெலும் அவன் மனைவி ஹனாவும் செய்த வேலை. செக் நாட்டுக்காரர்கள், இந்த விளையாட்டென்றால் அவர்களுக்கு உயிர். பாவெலும் தியாகலிங்கமும் டோர்வலில் விமானச் சாப்பாடு கட்டுகிற இடத்தில் ஒன்றாக வேலை செய்கிறவர்கள். கடவுள் இல்லை என்பதில்தான் இருவருக்கும் சிநேகிதமே பிடித்தது. ஒன்றாக லீவு போட்டு, மனைவிமாரையும் இழுத்துக்கொண்டு இந்தக் கிழமை முழுக்க ஊர் சுற்றுகிறார்கள். பழைய துறைமுகம், பூந்தோட்டம், ஊருக்கு வெளியே இன்னொரு மலை எல்லாம் ஆயிற்று. சிவமலர் கேட்ட ஒரே இடத்துக்குத்தான் நேரம் கிடைக்கவில்லை.

அவள் கேட்டது சென் ஜோசப் கோயில். போன ஐப்பசியில் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது அவள் அம்மா எந்தப் பக்கம் போனாள் என்று ஒரு தகவலும் இல்லை. பார்க் எக்ஸ்டென்ஷனில் இருக்கிற நம்மவர்கள் சைவம், கிறிஸ்தவம் என்று பாராமல் அந்தக் கோயிலுக்கு நேர்ந்து வைப்பார்கள். அவளும் நேர்ந்தாள். அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று செய்தி வந்தால், அங்கே நடுவிலுள்ள மரப்படிகளில் முழங்காலாலேயே ஏறுவதாக. அதோடு விட்டாளா? புருஷனையும் சேர்த்து நேர்ந்துவிட்டாள்.

சித்திரையில் கொழும்பிலிருந்து போன் வந்தது. அம்மாவேதான் பேசினாள்.

“என்னைக் கேளாமல் என்ரை முழங்காலை ஆர் நேரச் சொன்னது?” என்று அன்றைக்குத் துள்ளிய மனுஷன் இன்னும் இறங்கி வரவில்லை. கேட்கும்போதெல்லாம் “பேந்து பாப்பம்” என்பான். நேர்த்தியைப் பாதியில் விட்டால் அது அம்மாவுக்குக் கூடாதே என்று இவளுக்குப் பயம். நாளையோடு லீவும் முடிகிறது.

இந்த நேரம் பார்த்துத்தான் முழங்காலையும் உடைத்துக்கொண்டு வந்து நிற்கிறான். முந்தநாள் பெண்கள் இருவரும் பூந்தோட்டம் பார்க்கப் போக, ஆண்கள் “சும்மா நடந்துபோட்டு வாறம்” என்று கிளம்பினார்கள். பொழுதுபடத் திரும்பியபோது தியாகலிங்கம் நொண்டினான். காற்சட்டை இரண்டு முழங்காலிலும் ஒரே மாதிரித் தேய்ந்திருந்தது. “விழுந்திட்டன்” என்றான், பாவெல் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றான். பாவெலுக்குப் பியர் என்றால் தண்ணீர் மாதிரி. வாயில் மணம் வரவில்லைதான். ஆனால் இருவருமே சுவிங்கம் சப்பிக்கொண்டல்லவா வந்தார்கள்!

“மலர், இந்தக் கல்லிலை கொஞ்சம் இருப்பமே?”

“இருங்கோ. நான் போறன்.”

கடைசித் துணியை எவ்வளவு தேடியும் காணவில்லை. மரங்கள் விலகிய ஓர் இடத்தில், தூரத்தில் கோயிலின் பச்சைக் கூரைதான் தெரிந்தது. அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. வரைபடத்தைச் சுருட்டிக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு விறுவிறென்று குளக்கரைக்கு இறங்கினாள்.

பாவெலும் ஹனாவும் எப்போதோ வந்து, புல்லில் உட்கார்ந்து பாண் தின்றுகொண்டிருந்தார்கள். தியாகலிங்கம் நொண்டி நொண்டி வந்து சேரும்வரை சிவமலர் காத்து நின்றாள்.

“இப்பவே கோயிலுக்குப் போவம், வாங்கோ.”

“இண்டைக்கு ஏலாதப்பா. முழங்கால் மடங்குதில்லை.”

அவ்வளவுதான், அவளுக்குப் பொறுமை போய்விட்டது. நேரே பாவெலிடம் திரும்பி, தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் ஒன்றுதிரட்டிக் கொட்டினாள்.

“எல்லாம் உங்களாலைதான்! குடிக்கக் குடுத்து இவரின்ரை காலை உடைச்சுப்போட்டியள். இனி என்ரை அம்மாவுக்காக இவர் எப்பிடி அந்தப் படி ஏறுவார்?”

பாவெல் பாணைக் கீழே வைத்தான். தியாகலிங்கம் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, வேண்டாம் வேண்டாம் என்று அவனுக்குக் கை காட்டினான்.

“மன்னித்துக்கொள் தியாகு, இனி என்னால் மறைக்க முடியாது” என்றான் பாவெல். “நாங்கள் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை, மலர். தெரிந்த தமிழர் யாராவது வந்தால் சத்தம் கொடு என்று, இவர் என்னைப் படிக்குக் கீழே காவல் வைத்துவிட்டுப் போனார்.”

“எந்தப் படிக்குக் கீழை?” அவசரத்தில் தமிழிலேயே கேட்டுவிட்டாள்.

பாவெலுக்கு அது விளங்கவில்லை. விளங்கிய மனுஷன் குளத்தைப் பார்த்துக்கொண்டு, வெட்கத்தோடு பிடரியைச் சொறிந்தான்.

“என்ரை பங்கு ஏறி முடிஞ்சுது. உம்மடைதான் மிச்சம்.”